எழுபத்தேழாம் குப்பியின் வயது

புன்னைத்துறைக்கு உட்காரவும் தெரியும், எழுந்து நிற்கவும் தெரியும்.

கடல் ஏறி வந்து கரையோரக் குப்பங்களைத் தின்று தீர்த்த பிறகு, வேதாரண்யம் தொடங்கி நாகைக்கு வடக்கே வரை பன்னிரண்டு ஊர்களை அரசாங்கம் இரும்பு மேடைகளின்மேல் கட்டிக் கொடுத்தது. அதில் ஒன்று புன்னைத்துறை. தொண்ணூற்றைந்து வீடு, ஒரு மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், மழைநீர்த் தொட்டி, வலை காயப்போடும் களம் எல்லாம் ஒரே மேடைமேல். சாதாரண நாளில் மேடை தரையோடு படிந்து கிடக்கும். புயல் வந்தால் அடியிலுள்ள கால்கள் நீண்டு, ஊரை அப்படியே மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தும். அலை அடியில் புகுந்து போய்விடும். அடுப்பில் வைத்த உலைகூடச் சிந்தாது என்று ஊர் ஆண்கள் வெளியூரில் பெருமை பேசுவார்கள். சிந்தும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

புயல் நேரத்தில் மின்சாரம் ஏது? ஊரைத் தூக்குவது குப்பிகள்தான். மேடைக்கு அடியில், கான்கிரீட் கிடங்குக்குள், ஆளுயர எஃகுக் குப்பிகள் தொண்ணூற்றாறு வரிசையாக நின்றன. கம்பெனிக்காரர்கள் அதை அக்யூமுலேட்டர் என்றார்கள். அவ்வளவு நீளப் பெயரை ஊர் வாயில் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு ரப்பர் பை, பை நிறைய நைட்ரஜன் வாயு. பைக்கு வெளியே, கீழ்ப்பக்கமிருந்து பம்பு எண்ணெயைத் திணித்துத் திணித்து அந்த வாயுவை நெருக்கி வைத்திருக்கும். வால்வைத் திறந்தால், நெருங்கிக் கிடந்த வாயு விரிந்து எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் போய்க் கால்களை நீட்டும், ஊர் எழும்.

முதல் குப்பி மாரியம்மனுக்கு. மற்றவை வீட்டுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒருவர் குளித்துவிட்டுக் கிடங்குக்கு இறங்கி, தங்கள் குப்பியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அதன் தலையிலுள்ள கேஜைப் பார்த்து, அது காட்டும் எண்ணைச் சாக்பீஸால் குப்பியின்மேல் எழுத வேண்டும். அழுத்தத்தின் கணக்கு அது. இருநூற்றுப்பத்து. போன வாரமும் இருநூற்றுப்பத்து, அதற்கு முந்தின வாரமும் இருநூற்றுப்பத்து. "எங்க குப்பி இருநூத்திப்பத்து" என்று சொல்லிக்கொண்டே படியேறுவதில் பெண்களுக்கு ஒரு மிதப்பு உண்டு.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் தையல்நாயகி. நாகையில் ஃபிட்டர் படிப்புப் படித்துவிட்டு வந்து, பதினோரு ஆண்டாக மேடைக்குப் பொறுப்பு. அவள் எழுதி வாங்கிய எண்கள் வாராவாரம் மேடைத் துறைக்குப் போகும். அங்கிருந்து வந்த ஆயுள்காட்டி என்ற பெட்டி அந்த எண்களைத் தின்று செரித்து, ஒவ்வொரு குப்பியும் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று சுவரில் காட்டும். ஏழு ஆண்டு இரண்டு மாதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. துறை அவளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்தது. மற்றப் பதினோரு ஊர்களும் வெள்ளிக்கிழமை முறையை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டன. அந்தக் கேடயத்தை அவள் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதைச் சொல்லவில்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது.

இன்னொரு வழக்கமும் அந்த ஊரில் இருந்தது. ஏழு ஆண்டுக்கு முன் இரட்டைப் புயல் வந்தது. முதல் புயலுக்கு ஊர் எழுந்து, உட்கார்ந்து, குப்பிகள் எண்ணெய் இல்லாமல் கிடந்த இரண்டாம் நாளே அடுத்தது வந்து மோதிற்று. பம்பு பாதிகூட நிரப்பி முடிக்கவில்லை. ஒன்பது பேரைக் கடல் கொண்டுபோயிற்று; அதில் ஒருவன் நாட்டாமை பக்கிரிசாமியின் தம்பி. அன்றைக்கு ஊர் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது: புயலுக்குத் தவிர வேறு எதற்கும் குப்பியிலிருந்து எண்ணெயை இறக்குவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் பார்க்கச் சொன்ன கம்பெனிப் புத்தகத்தின் பக்கத்தைத் தையல்நாயகியே கிழித்து அம்மன் காலடியில் வைத்தாள். அதற்குப் பிறகு வந்த புயலெல்லாம் ஆந்திராப் பக்கம் திரும்பிப் போய்விட்டன. ஊர் எழவே இல்லை.

இருநூற்றுப்பத்து காட்டாத குப்பி ஒன்றே ஒன்றுதான். எழுபத்தேழு. காத்தாயி வீட்டுக் குப்பி.

காத்தாயி கூடையில் மீன் விற்கிறவள். புருஷனை இரட்டைப் புயலில் கொடுத்தவள். ஆறு ஆண்டுக்கு முன் அவள் குப்பியின் அடி வால்வு கசிந்து எண்ணெய் நிற்காமல் போகவே, தையல்நாயகி அதைப் பொதுக் குழாயிலிருந்து பிரித்துவிட்டாள். அன்று முதல் அதன் கேஜ் நூறுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. "அது செத்துடுச்சுக்கா" என்று தையல்நாயகி ஒரு வார்த்தை சொன்னாள். ஊருக்கு அது போதும். குப்பி செத்த வீடு என்றார்கள். தண்ணீர்த் தொட்டியில் அவள் குடத்துக்குக் கடைசி இடம் ஆயிற்று. மகளுக்கு வந்த வரன், விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிப் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஐப்பசிக் கடைசி வெள்ளியன்று, புதன்கிழமை பகலில் புயல் இந்தக் கரையிலேயே கடக்கும் என்று அறிவிப்பு வந்தது. கடல் இரண்டரை மீட்டர் வரை ஏறும் என்றார்கள். நாட்டாமை தையல்நாயகியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தையலு, அந்த எழுபத்தேழ மொதல்ல கழட்டி வெளிய போடு. அபசகுனத்த அடியில வச்சுக்கிட்டு ஊரு எந்திரிக்கக் கூடாது."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்பானரோடு கிடங்குக்கு இறங்கினாள்.

காத்தாயி குப்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கடைசியில்தான் வருவாள்.

"கழட்டப் போறியா?"

"நாட்டாம சொல்லிட்டாருக்கா. நான் என்ன செய்ய?"

"கழட்டு. யாரு வேணாங்கறா? அதுக்கு முன்னாடி இந்தச் செவுத்தப் பாத்துட்டுக் கழட்டு."

குப்பிக்குப் பின்னால், ஆள் உடம்பைத் திருப்பினால்தான் தெரிகிற சுவரில், காத்தாயி கரியால் எழுதி வைத்திருந்தாள். குப்பியின்மேல் எழுதினால் அடுத்த வாரம் அழிக்க வேண்டும். அவள் எண்ணைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லையே, அதனால் தனக்கென்று சுவரில் எழுதிக்கொண்டாள். ஆறு ஆண்டு வெள்ளிக்கிழமைகள். வரிசை வரிசையாக நூறு, நூறு, நூறு. பிறகு எங்கோ ஓரிடத்தில் தொண்ணூற்றொன்பது. வெகுநாள் தொண்ணூற்றொன்பது. கடைசி ஓர் ஆண்டாகத் தொண்ணூற்றெட்டு.

"செத்ததுன்னு சொன்னிய. செத்தது இம்புட்டு மெதுவாவா எறங்கும்? எனக்குத் தெரிஞ்சு செத்த மீனு ஒரு நாளைக்கே நாறிப்புடும். இது ஆறு வருசத்துக்கு ரெண்டுதான் எறங்கியிருக்கு. நான் படிக்காதவ, நீ சொல்லு."

தையல்நாயகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் குப்பியின் கழுத்தில் அடித்திருந்த தகடு கண்ணில் பட்டது. பதினோரு ஆண்டாகப் பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே போன தகடு. அதில் வாயு அளவு நூறு என்றிருந்தது. அடியில் சின்ன எழுத்தில், எண்ணெய் இல்லாதபோது பார்க்கவும் என்றிருந்தது.

அவள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தரையென்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாடி ஆச்சு?"

"யக்கா, உன் குப்பி சாவல. எண்ணெய் வடிஞ்சுபோனதால, உள்ள இருக்கிற வாயு மட்டும் தனியா நின்னு அதோட சொந்தப் பலத்தச் சொல்லுது. நூறு இருக்கணும், தொண்ணூத்தெட்டு இருக்கு. நல்லா இருக்கு."

"அப்ப மத்ததெல்லாம் இருநூத்திப்பத்துன்னு காட்டுதே?"

"அது எண்ணெயோட அழுத்தம். பம்பு கொடுக்கிறது. வாயு, எண்ணெய் ரெண்டும் ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு இருக்கையில, எந்தப் பக்கம் கேஜ வச்சாலும் ஒரே அளவுதான் காட்டும். பை கிழிஞ்சு வாயு அத்தனையும் போயிருந்தாக்கூட, அந்த எடத்துல எண்ணெயே ரொம்பி நின்னு இருநூத்திப்பத்துன்னுதான் காட்டும். புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நீ எட மெசின்ல ஏறி நின்னா, புள்ள எட என்னான்னு எப்பிடித் தெரியும்? எறக்கி விட்டுத்தான பாக்கணும்."

காத்தாயி சுற்றிலும் நின்ற தொண்ணூற்றைந்து குப்பிகளையும் ஒருமுறை பார்த்தாள். மஞ்சளும் குங்குமமுமாக, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள் போல நின்றன.

"அப்ப இதுல எத்தன உசுரோட இருக்கு?"

"தெரியாதுக்கா. ஏழு வருசமா ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் தையல்நாயகி. அழுகை வந்தது. எந்த எண்ணை எழுத வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே.

கோயில் முன்னால் ஊர் கூடிற்று. தையல்நாயகி எதையும் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு நேரமும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, எண்ணெய் முழுவதையும் இறக்கி ஒவ்வொரு குப்பியாகப் பார்க்க வேண்டும், வாயு குறைந்ததை நிரப்ப வேண்டும், பிறகு எண்ணெயைத் திரும்ப ஏற்ற மூன்று நாள் ஆகும், புயலுக்கு இருப்பது ஐந்து நாள் என்றாள்.

"நடுவுல ஒரு நாள் முந்திக்கிட்டு வந்துச்சுன்னா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"ஊரு தரையில கெடக்கும் மாமா."

"எந்தம்பி போன மாதிரி."

ஆமென்று அவள் தலையாட்டினாள்.

"சரி, எறக்காம அப்பிடியே விட்டா?"

"எத்தன பை கிழிஞ்சிருக்குன்னு தெரியல. ஒரு பக்கத்துக் குப்பியெல்லாம் செத்திருந்தா மேட ஒரு பக்கமாத் தூக்கும். சாஞ்சுபோச்சுன்னா ஆளு, அடுப்பு, தொட்டி எல்லாத்தையும் கடல்ல கொட்டிடும்."

மேடைத் துறை அதிகாரி நிலோஃபருக்கு ஃபோன் போட்டார்கள். நாகூர்ப் பெண், நல்ல மாதிரி. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "அக்கா, எழுத்துல கேட்டா எறக்காதீங்கன்னுதான் நான் சொல்லணும். இல்லன்னா எல்லாரையும் பஸ் ஏத்தி மேட்டுப் பக்கம் அனுப்பலாம். ஆனா சட்டம் உங்களுக்கே தெரியும். ஆள் காலி பண்ணின மேடைக்குத் திரும்ப வர அனுமதி கெடையாது. பெரம்பலூர்ப் பக்கம் அடுக்குமாடி தயாரா இருக்கு."

பெரம்பலூரில் கடல் எங்கே இருக்கிறது? உயிரா ஊரா என்று கேட்டால் உயிர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் கரையை விட்டுப்போன மீன்பிடிக்காரன் அங்கே போய் எதைப் பிடிப்பான் என்பதும் எல்லார் மனத்திலும் ஓடிற்று.

பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரே ஒரு குப்பிய எறக்கிப் பாரு. அம்மன் குப்பிய எறக்கு. அவ பொய் சொல்ல மாட்டா."

இடுக்கில் நின்றபடி பஞ்சாயத்தார் பார்க்க, தையல்நாயகி முதல் குப்பியைப் பொதுக் குழாயிலிருந்து பிரித்து அடி வால்வைத் திறந்தாள். உயிருள்ள குப்பியானால் முள் இறங்கி நூறில் நின்றுவிட வேண்டும். அது நூறைக் கவனிக்கவே இல்லை. ஒரே இறக்கமாகச் சுழியத்துக்குப் போய் நின்றது. எத்தனை ஆண்டுக் கற்பூரம், எத்தனை எலுமிச்சம்பழ மாலை. உள்ளே ஒன்றுமே இல்லை.

பக்கிரிசாமி கேஜை விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டாம் முறையும் தட்டினார். பிறகு, "அவ பொய் சொல்லலடா. நாமதான் தப்பாக் கேட்டுருக்கோம். எறக்குங்க எல்லாத்தையும்" என்றார்.

அன்று மாலைக்குள் எண்ணெய் தொட்டிக்கு இறங்கியது. தையல்நாயகி மற்ற பதினோரு ஊர்ப் பொறுப்பாளர்களுக்கும் ஒவ்வொருவராக ஃபோன் செய்தாள். ஒவ்வொருவரிடமும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நான் சொல்லிக் குடுத்தது தப்பு." முதல் இரண்டு பேரிடம் அதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். ஆறாவது ஆளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கேடயத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினாள் என்று அவள் புருஷன் பிறகு சொல்லிச் சிரிப்பான்.

சனிக்கிழமை காலை கணக்கு வந்தது. முப்பத்தொரு குப்பிகளில் பை கிழிந்திருந்தது. அவற்றுக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது. நாற்பத்துநான்கில் பை முழுசாக இருந்தது, ஆனால் வாயு ரப்பர் வழியே துளித்துளியாகக் கசிந்து அறுபது, ஐம்பது என்று இறங்கியிருந்தது. இருபத்தொன்று நன்றாக இருந்தன. அந்த இருபத்தொன்றில் எழுபத்தேழும் ஒன்று.

நாற்பத்துநான்குக்கு நைட்ரஜன் வேண்டும். பக்கத்து இறால் கம்பெனியில் பொட்டலத்துக்குள் அடைக்க நைட்ரஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள் என்று காத்தாயிக்குத் தெரியும். அங்கே வாரம் இருமுறை அவள் கூடை போகிறது. காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லாரும் அவளுக்குப் பழக்கம். நான்கு படகில் போய்ச் சிலிண்டர்களை ஏற்றி வந்தார்கள். "புயல்ல எறால் எங்க போவப் போவுது, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு" என்றாள். நாள் முழுக்க ஒவ்வொரு குப்பியாக நூறுக்கு நிரப்பினார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பெண்கள் முறைபோட்டுப் பார்த்தார்கள். எழுபத்தேழின் அடி வால்வை மாற்றி, தையல்நாயகி அதை மறுபடியும் பொதுக் குழாயில் சேர்த்தாள். செத்த குப்பிகளை அடைத்து, உயிருள்ளவற்றை இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட்டுக் குழாய் மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பம்பு ஓடத் தொடங்கியபோது வானம் மூடிக்கொண்டது. சூரிய மின்தகட்டில் ஓடுகிற பம்பு வெயில் இல்லாமல் முனகிற்று. ஒருவரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊரிலுள்ள படகுகளின் பேட்டரிகளெல்லாம் கழற்றப்பட்டுக் கிடங்கு வாசலில் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டன.

செவ்வாய் காலையில் தையல்நாயகி இன்னொரு குண்டைப் போட்டாள். "அறுவத்தஞ்சு குப்பிதான் இருக்கு. ஊரு முழுக் கனத்தோட ரெண்டு மீட்டருக்கு மேல ஏறாது. கடல் ரெண்டரைக்கு வரும். கனத்தக் கொறைக்கணும்."

"எதக் கொறைக்க? கோயிலையா?" என்றார் பக்கிரிசாமி.

"தண்ணித் தொட்டிய மாமா. நாலு லட்சம் லிட்டரு. நானூறு டன்னு."

உப்புக் கரையில் ஆண்டு முழுவதும் குடிக்கிற தண்ணீர் அது. ஐப்பசி மழையில் அப்போதுதான் நிரம்பியிருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை மழை மிச்சம் இருக்கிறது, பெய்தால் ஆயிற்று, பெய்யாவிட்டால் கோடையில் நாக்கு வறளும். பக்கிரிசாமி தொட்டியின் குழாய்ப் பக்கம் போய் நின்றார். பிறகு கூட்டத்தில் தேடி, "காத்தாயி, நீ வந்து தெற" என்றார்.

ஊர் செய்த அநியாயத்துக்கு அவர் கேட்கத் தெரிந்த மன்னிப்பு அது. காத்தாயிக்குப் புரிந்தது. புரிந்ததற்காக இளகிவிடுகிற ஆள் அவள் இல்லை.

"நான் ஏன் தெறக்கணும்? நாளைக்குத் தண்ணி இல்லன்னா, தெறந்தவ இவதான்னு சொல்லவா? நீங்களே தெறங்க நாட்டாம" என்றாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கித் தொட்டியின் குழாய்க்கு நேர் கீழே வைத்தாள். "நான் மொத ஆளா ஒரு கொடம் புடிச்சுக்கிறேன். ஆறு வருசமாச்சு."

முதலில் சிரித்தவர் பக்கிரிசாமிதான். அப்புறம் ஊரே சிரித்தது. அடித்த காற்றில், வந்துகொண்டிருந்த புயலை வைத்துக்கொண்டு, அவர்கள் அண்டாவும் குண்டானும் தூக்கிக்கொண்டு வந்து பிடித்த மட்டும் பிடித்தார்கள். மிச்சம் கடலுக்குப் போயிற்று.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தையல்நாயகி பெரிய வால்வைத் திருப்பினாள். கிடங்குக்குள் அறுபத்தைந்து குப்பிகளும் ஒரு பெருமூச்சு விட்டன. மேடை குலுங்கியது. பாத்திரங்கள் உருண்டன; குழந்தைகள் அலறின; யாரோ வீட்டில் உலை சிந்தியது. சுவரிலிருந்த அளவுகோலில் முள் மெல்ல ஏறிற்று. ஒரு மீட்டர். ஒன்றரை. இரண்டு. இரண்டில் கொஞ்சம் தயங்கியபோது அவள் அளவுகோலை விட்டுவிட்டுத் தரையில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. சாயாதவரை போதும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். முள் மறுபடி நகர்ந்து இரண்டு புள்ளி ஆறில் நின்றது.

ஒரு மணிக்குக் கடல் வந்தது. மேடையின் வயிற்றை உரசிக்கொண்டு, இரும்பில் அறைந்துகொண்டு, அடியில் ஓடியது. ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கலாம். வலைக்களம் முழுவதும் நனைந்தது, இரண்டு வீட்டுக் கூரை போயிற்று. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நான்கு மணிக்குக் கடல் தன் இடத்துக்குத் திரும்பிற்று.

கிடங்கு வாசலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே காத்தாயி கேட்டாள்: "எங்குப்பி எம்புட்டுத் தூக்குச்சு?"

தையல்நாயகி மனக்கணக்குப் போட்டாள். "ரெண்டு வெரக்கட இருக்கும்க்கா."

"போதும்" என்றாள் காத்தாயி.

மூன்றாம் நாள் நிலோஃபர் வந்தாள். மற்ற ஊர்களின் சேதியும் அவளோடு வந்தது. ஒன்பது ஊர்கள் எண்ணெயை இறக்கிப் பார்த்துத் தேற்றிக்கொண்டு எழுந்து நின்றன. இரண்டு ஊர்களில் செத்த குப்பிகளே அதிகமாக இருந்ததால் முன்கூட்டியே காலி செய்துவிட்டார்கள். பன்னிரண்டிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தையல்நாயகி கேடயத்தைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். "சட்டப்படி மூணு மீட்டர் ஏறணும் மேடம். நாங்க ரெண்டு புள்ளி ஆறுதான். மறைக்க மாட்டோம், அப்பிடியே எழுதிக்குங்க. இதையும் எடுத்துக்குங்க."

"ரெண்டு புள்ளி ஆறுன்னுதான்க்கா எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ இன்னொன்னும் எழுதினேன். இந்தக் கரையில, நாம நம்புற மாதிரி எண்ணு இருக்கிற மேடைங்க பத்துதான், அதுவும் போன சனிக்கிழமையிலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ் வச்சிருந்தது எல்லாம் வெறும் இருநூத்திப்பத்து. உங்க மேடைய மூடினா எல்லாத்தையும் மூடணும், எங்க ஆபீஸையும் சேத்து." நிலோஃபர் சிரித்தாள். "ஒரு வருசம் தவணை குடுத்திருக்காங்க. முப்பத்தோரு பையும் அடுத்த மாசம் வருது. காலி பண்ணின அந்த ரெண்டு ஊரையும் திருப்பி அனுப்பச் சொல்லிச் சட்டத்தத் திருத்தறாங்க. கேடயம் உங்ககிட்டயே இருக்கட்டும், ஆனா ஊர் ஊராப் போயி தப்பச் சொல்லிக் குடுக்கணும்."

"ஃபோன்லயே பழகிட்டேன்" என்றாள் தையல்நாயகி.

நிலோஃபர் இறக்கிப் பார்த்த எண்களை ஆயுள்காட்டிக்கு ஊட்டினாள். பெட்டி வெகுநேரம் யோசித்தது. ஏழு ஆண்டு இரண்டு மாதம் என்றிருந்த சுவரில், குப்பிகளின் எண்ணுக்கு எதிரே "தெரியாது" என்று வந்தது. ஒரே ஒரு குப்பிக்கு மட்டும், காத்தாயியின் கரிச்சுவரைப் படம் பிடித்துக் கொடுத்த பிறகு, எண் வந்தது. அதன் வயதைக் கணக்கிட அந்தச் சுவர்தான் துறையிடம் இருந்த ஒரே சாட்சி.

கார்த்திகையில் நல்ல மழை. தொட்டி வழிந்தது. தை மாதம் காத்தாயி மகளுக்கு வரன் கூடிற்று. திரும்பிப் போன அதே வீட்டார் மறுபடி கேட்டு வந்தபோது, "எங்க குப்பிக்குத்தான் ஒங்க வீடு புடிக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வேறு இடத்தில் முடித்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு முகம் சரியில்லை. பொதுக் குழாயில் சேர்ந்தபின் எழுபத்தேழும் இருநூற்றுப்பத்து காட்டியது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் அவள் எரிந்து விழுந்தாள். "இதுவும் ஊரோட சேந்து பொய் சொல்லப் பழகிடுச்சு."

"பொய் இல்லக்கா, அது பாரம் தூக்கிக்கிட்டு இருக்கு" என்று தையல்நாயகி சமாதானம் சொன்னாள். "சித்திரையில எறக்கி வைக்கிறப்ப கேளு, உண்மையச் சொல்லும்."

சித்திரையில் புயல் கிடையாது. சத்தியத்தைப் பஞ்சாயத்து திருத்தி எழுதியிருந்தது: ஆண்டுக்கு ஒரு நாள் ஊர் இளைப்பாற வேண்டும். எண்ணெயெல்லாம் தொட்டிக்கு இறங்கியது. தொண்ணூற்றாறு குப்பிகளும் பாரமில்லாமல் நின்றன. அன்றைக்கு யாரும் ஒரே எண்ணை எழுதவில்லை. நூறு, தொண்ணூற்றொன்பது, ஒரு வீட்டில் தொண்ணூற்றாறு; அவர்கள் சோப்புத் தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

காத்தாயி எழுபத்தேழின் கேஜைத் துடைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நம்பாமல் தையல்நாயகியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"தொண்ணூத்தேழுக்கா. ஒண்ணு கொறஞ்சிருக்கு. வயசாகுதுல்ல. நெரப்பிடலாம், கவலப்படாத."

"கவலையா? எனக்கா?" காத்தாயி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கரித்துண்டை எடுத்துப் பின்சுவரில், தொண்ணூற்றெட்டுகளின் கீழே, பெரிதாக எழுதினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "எனக்கும்தான்டி போன சித்திரைக்கு இப்ப ஒரு பல்லு கொறைவு. கொறையிறது உசுரோட இருக்கிறதுதான்."